ஒன்பது நாளும் எஸ்தோனியாவுக்கே கொடுங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் வருகிற ஜூனில் எஸ்தோனியாவுக்குப் போவதாக இருக்கிறோம். வாடகைக் கார் எடுத்து நாங்களே ஓட்டிச் சுற்ற ஆசை. கையில் ஒன்பது நாள் இருக்கிறது. ‘சின்ன நாட்டுக்கு ஒன்பது நாள் எதற்கு, பக்கத்து நாடுகளின் தலைநகரங்களான ஹெல்சிங்கியையும் ரிகாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறார் என் கொழுந்தனார். கணவருக்கு 61 வயது. நாற்பது வருடமாகக் கார் ஓட்டுகிறார், ஆனால் சாலையின் வலப்புறம் ஓட்டிப் பழக்கமில்லை. உங்கள் யோசனை என்ன?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஒன்பது நாளையும் எஸ்தோனியாவுக்கே கொடுங்கள் என்பதுதான் என் யோசனை. பரப்பு ஏறத்தாழ 45,000 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை 13 லட்சத்துக்குச் சற்று மேல் என்றிருக்கும் நாட்டை வரைபடத்தில் பார்க்கும்போது இரண்டே நாளில் குறுக்கும் நெடுக்கும் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். உண்மையிலேயே ஓட்டிவிடலாம். ஆனால் அப்படி ஓட்டியவர்கள் நெடுஞ்சாலையின் இருபுறமும் காட்டைத்தான் பார்த்திருப்பார்கள், ஏனென்றால் நாட்டில் பாதி காடு. எஸ்தோனியாவின் அழகெல்லாம் பெரிய சாலையை விட்டு இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் உங்கள் கணவரின் கவலையைப் பார்ப்போம். தலைநகர் தாலினில் கார் வேண்டவே வேண்டாம். 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் அதன் பழைய நகரம் கருங்கல் பாவிய சந்துகளால் ஆனது. நடந்து பார்ப்பதற்கென்றே அமைந்த ஊர். அங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் டிராம் பிடித்து விமான நிலையத்துக்குப் போய் அங்கே காரை எடுத்தால், நகர நெரிசலில் சிக்காமல் கிழக்குச் சாலையில் ஏறிவிடலாம். கியர் மாற்றும் கையும் மாறுவதால் ஆட்டோமேட்டிக் வண்டியாகக் கேட்டு முன்பதிவு செய்யுங்கள். ஊருக்குள் 50, வெளியே 90 கிலோமீட்டர் என்பது பொதுவான வேக வரம்பு. பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். அந்தி நேரத்தில் காட்டுமான் குறுக்கே பாயும் என்பதால் எச்சரிக்கைப் பலகை கண்ட இடத்தில் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க மறக்க வேண்டாம்.

முதல் நாள் ஓட்டம் லாஹெமா தேசியப் பூங்கா வரை போதும். தாலினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். சோவியத் ஒன்றியத்திலேயே முதன்முதலாக, 1971இல், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் அது. அங்குள்ள விரு சதுப்பு நிலத்தின் மேல் மரப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். இருபுறமும் கறுந்தேநீர் நிறத்தில் சிறு சிறு குளங்கள், நம் தோள் உயரமே வளர்ந்த கிழட்டுப் பைன் மரங்கள். நடுவில் ஒரு மரக் கோபுரமும் உண்டு.

அங்கிருந்து தார்த்து நகரத்துக்கு நெடுஞ்சாலையில் போகாமல், பெய்ப்சி ஏரிக் கரையோரமாக இறங்குங்கள். இந்தப் பயணத்தில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். மறு கரை ரஷ்யா. கடல் என்று சொன்னால் நம்பிவிடலாம், அத்தனை பெரிய ஏரி. பதினேழாம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை வழிபாட்டு முறைகளை மாற்றியபோது, அதை ஏற்காமல் ஓடிவந்த ‘பழைய நம்பிக்கையாளர்’களின் சந்ததியார் முஸ்த்வே, கோல்க்யா, வார்ன்யா முதலிய ஊர்களில் இன்றும் மீனையும் வெங்காயத்தையும் நம்பி வாழ்கிறார்கள். நானும் என் மனைவியும் போனது ஆகஸ்ட் கடைசி. வீட்டு வாசல்தோறும் வெங்காயத்தைத் தாளோடு சேர்த்துப் பூச்சரம் போலப் பின்னித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பாட்டியம்மா எங்களுக்குச் சரம் விற்றுவிட்டு, உள்ளே அழைத்து சமோவாரிலிருந்து தேநீர் பிடித்துத் தந்தார். அதைத் தட்டில் ஊற்றி, ஊதி ஊதிக் குடித்தார். என் மனைவியும் சற்றும் தயங்காமல் அப்படியே செய்ததும், மொழி தெரியாத இருவரும் அரை மணி நேரம் கைஜாடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜூனில் சரங்களைக் காண்பது அரிது. ஆனால் இடுப்பளவு மண்ணைக் குவித்த பாத்திகளில் வெங்காயத் தாள் பச்சைப் பசேலென்று நிற்கும்.

தார்த்துவில் ஓரிரவு தங்கலாம். 1632இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம்தான் அந்த ஊரின் உயிர். பிறகு மேற்கே, பார்னு வழியாக விர்த்சு துறைமுகம். அங்கிருந்து காரோடு படகேறினால் அரை மணிக்குள் முஹு தீவு. முஹுவையும் அடுத்த தீவான சாரெமாவையும் கடலுக்குள் போட்ட அணைச்சாலை இணைக்கிறது. படகுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். நாங்கள் செய்யாமல் போய் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். சாரெமாவில் மூன்று இரவு தங்குவதே நியாயம். காலி என்னும் ஊரில் விண்கல் விழுந்து குழிந்த பள்ளம் 110 மீட்டர் அகலத்தில் வட்டக் குளமாக நிற்கிறது; அங்லாவில் வரிசையாகக் காற்றாலைகள்; குரெசாரேயில் கிறிஸ்தவ ஆயர்களின் (பிஷப்புகளின்) கோட்டை. இவற்றைப் பார்த்த நேரம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் ஏதாவதொரு கடற்கரையில் சும்மா உட்காருங்கள். ஜூன் கடைசியில் இரவு பத்தரைக்கு மேல்தான் சூரியன் மறையும். ஜூன் 23 இரவு அங்கிருக்க வாய்த்தால், ஊர் ஊராகத் தீ மூட்டி விடியவிடியப் பாடுவதைக் காணலாம்.

சுற்று முழுவதும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் அடங்கும். ஹெல்சிங்கி கப்பலில் இரண்டு மணி நேரம்தான் என்பது உண்மையே. ஆனால் போகவர ஒரு முழு நாள் போய்விடும், அந்த நாளைச் சாரெமாவில் கழிப்பதே எனக்கு உயர்வாகப் படுகிறது.

கேள்வி: அதே எஸ்தோனியாவில் உறைந்த கடலின் மேல் கார் ஓட்டுவார்களாமே? அப்போது சீட் பெல்ட் போடக்கூடாது என்பது உண்மையா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உண்மை. குளிர் கடுமையாக இருக்கும் ஆண்டுகளில், பனிக்கட்டியின் கனத்தை அளந்து பார்த்து அரசே இச்சாலைகளைத் திறக்கிறது. பனி உடைந்தால் சட்டென்று வெளியேற வேண்டும் என்பதால்தான் பெல்ட் கூடாது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்ட வேண்டும், இல்லையேல் 40க்கும் 70க்கும் இடையில். நடுவிலுள்ள வேகத்தில் போனால் பனிக்கடியில் நீரலை எழும்பிக் கட்டியைப் பிளக்கக்கூடும். ரொஹுக்குலாவிலிருந்து ஹீயுமா தீவுக்குப் போகும் 26 கிலோமீட்டர் பாதைதான் இவற்றில் மிக நீளமானது. குளிர் குறைந்துவரும் இக்காலத்தில் இவை திறக்காமலே கழியும் ஆண்டுகள் அதிகம். கோவை வாசகிக்கு நாள் மிச்சப்பட்டால், அதே தடத்தை ஜூனில் கப்பலில் கடக்கலாம். ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.