எல்லை தாண்டும் சரக்கு: வணிகச் சுதந்திரம் பற்றிய வாசகர் கேள்விகள்

ஒட்டன்சத்திரத்தில் இருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றுகிறேன். "மேலிடத்து உத்தரவு" என்று சொல்லி எல்லையில் வண்டியை நிறுத்தினால் என்ன செய்வது?

எந்தச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு என்று எழுத்தில் கேளுங்கள். இந்தியா முழுவதும் வணிகம் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 301-வது பிரிவு. பொதுநலன் கருதி ஒரு மாநிலம் நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் அது சட்டமன்றம் இயற்றிய சட்டமாக வர வேண்டும். மசோதாவைத் தாக்கல் செய்யும் முன்பே குடியரசுத் தலைவரின் அனுமதியும் பெற வேண்டும். ஹைதராபாத்தில் உரிமம் பெற்ற சர்க்கரை வியாபாரிகளை ஒதுக்கிவிட்டு, கூட்டுறவுக் கடைகளுக்கே சரக்கு என்று அரசு உத்தரவு போட்டது. சட்டத்தின் துணையில்லாத அந்த வெறும் உத்தரவு செல்லாது என்று 1970-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் போன்ற மத்தியச் சட்டத்தின் கீழ் வந்த உத்தரவு என்றால் நிலைமை வேறு; அதற்குச் சட்டத்தின் துணை உண்டு. இ-வே பில் (சரக்கு எடுத்துச் செல்வதற்கான மின்னணுச் சீட்டு) பார்ப்பதும் எடை போடுவதும் ஒழுங்குமுறைதான். அவற்றை எதிர்த்து நிற்காதீர்கள். சட்டமில்லாத தடை என்றால் தாமதிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு இடைக்கால உத்தரவு கேளுங்கள். தக்காளி அழுகிய பிறகு வரும் தீர்ப்பால் உங்களுக்கு என்ன பயன்?

வெளிமாநிலச் சரக்குக்கு மட்டும் கூடுதல் வரி போடலாமா?

கூடாது. இதற்கு முன்னுதாரணமே நம் ஊர்த் தோல் வியாபாரத்தில் இருந்து வந்ததுதான். அன்றைய மெட்ராஸ் மாநிலத்தில், உள்ளூரில் பதனிட்ட தோலுக்கு வரியை, பதனிடாத தோலை வாங்கிய விலையின் மேல் கணக்கிட்டார்கள். வெளியில் பதனிட்டுக் கொண்டுவந்த தோலுக்கோ, பதனிட்ட பிறகு விற்கும் விலையின் மேல். பதனிட்டால் தோலின் விலை ஏறிவிடும். ஆக ஒரே மாதிரிச் சரக்குக்கு வெளியூர்க்காரர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. மெஹ்தாப் மஜீத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பாரபட்சம் என்று ரத்து செய்தது. அறிவிப்பில் உள்ள வரி வீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எந்தத் தொகையின் மேல் வரி என்று பாருங்கள். பாகுபாடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வரி தாங்க முடியவில்லை. 301-ஐக் காட்டி வழக்குப் போடலாமா?

வரி அதிகம் என்பது மட்டும் காரணமென்றால் நிற்காது. 1960-இல் அசாம் தேயிலை வழக்கில் (அதியாபாரி) சரக்குப் போக்குவரத்தை நேரடியாகப் பாதிக்கும் வரியும் தடைதான் என்றார்கள். 2016 நவம்பரில் ஜிந்தால் வழக்கில் 9 நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மையாக, அந்தக் கருத்தை மாற்றிவிட்டது: பாரபட்சமான வரிதான் இந்தச் சுதந்திரத்துக்கு எதிரானது. மாநிலங்களின் நிதி உரிமையை நினைத்தால் இது சரியான தீர்ப்பே என்பது என் கருத்து. சிறு வியாபாரிக்கு ஒரு வாசல் அடைபட்டதும் உண்மை.

நுழைவு வரி இன்னும் இருக்கிறதா?

இல்லை. சரக்கு ஓர் ஊருக்குள் நுழையும்போது விதித்த அந்த வரிக்கு இடம் தந்த அரசியலமைப்பு மாநிலப் பட்டியலின் பதிவு, ஜிஎஸ்டிக்கான 101-வது திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது.

பிற மாநில லாட்டரியை இங்கே விற்க 301 உதவுமா?

உதவாது. அரசே நடத்தினாலும் லாட்டரி சூதாட்டம்தான் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சூதாட்டத்துக்கு 301-வது பிரிவின் பாதுகாப்பு இல்லை.