வந்ததும் போனதும்: முதல் வருஷம் பற்றிச் சில கேள்விகள்

பச்சிளம் குழந்தைகளுக்கான பிசியோதெரபியில் பல வருஷம் இருந்தவள் நான். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மகளுக்கு 20 நாள். கிலுகிலுப்பையை ஆட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. கண் தெரிகிறதா மேடம்?

எவ்வளவு தூரத்தில் ஆட்டுகிறீர்கள்? இந்த வயதில் 20 முதல் 30 செ.மீ. வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கும். கிலுகிலுப்பையைக் கீழே வைத்துவிட்டு உங்கள் முகத்தைக் காட்டுங்கள். அவள் விழித்து, அழாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, மெதுவாக ஒரு பக்கம் நகருங்கள். கண்கள் பின்னாலேயே வரும், கொஞ்சம் திக்கித் திக்கி.

முதல் மூன்று நான்கு மாதம் கண்கள் அவ்வப்போது ஆளுக்கொரு பக்கம் போவதுண்டு. ஆனால் ஒரு கண் எப்போதுமே விலகியிருந்தாலோ, கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள், உடனே காட்டுங்கள்.

பிறந்த புதிதில் நிமிர்த்திப் பிடித்தால் என் மகன் அழகாக எட்டு வைத்தான். இப்போது மூன்று மாதம். அதைக் காணோம். மறந்துவிட்டானா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. அந்த எட்டு அவன் கற்றுக்கொண்டது அல்ல, பிறவி அனிச்சை. இரண்டு மாத வாக்கில் மறைந்துவிடும். மூளை வளர்ந்து அதை அடக்கிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் சொன்னார்கள். எஸ்தர் தெலன் என்ற ஆய்வாளர் வேறு விதமாக யோசித்தார். படுத்திருக்கும்போது இதே குழந்தைகள் அதே தாளத்தில் உதைக்கிறார்களே, அது எப்படி? எட்டு நின்றுபோன குழந்தைகளை நெஞ்சளவு நீரில் நிறுத்திப் பார்த்தார். மறுபடி எட்டு வைத்தார்கள்! எட்டு வைத்துக்கொண்டிருந்த குழந்தைகளின் காலில் சிறு எடை கட்டியபோது எட்டு குறைந்தது. 1984இல் வெளிவந்த ஆய்வு அது. கால் தசைக்குப் பலம் ஏறுவதற்கு முன்பே கொழுப்பு ஏறிவிடுகிறது, பாரம் தாங்கவில்லை, அவ்வளவுதான். உங்கள் பையன் கொழுகொழுவென்று இருக்கிறான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் சத்தம் கேட்டால் கையை விரித்துத் தூக்கிவாரிப் போடுவதும் போய்விடுமா?

போக வேண்டும். உள்ளங்கையில் விரல் வைத்தால் இறுக்கிக்கொள்வதும் அப்படித்தான். அந்தப் பிடி தளர்ந்தால்தான் வேண்டியதை எடுக்கவும் விடவும் கை பழகும். ஆறு மாதம் தாண்டியும் இரண்டும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

10 மாதம். தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்கிறாள். வாக்கர் வாங்கலாமா?

வாக்கர் வேண்டவே வேண்டாம். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருட்டிவிடும். கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை.

தவழாததற்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே அந்தக் கட்டத்தைக் கடந்த குழந்தைகள் 4.3 சதவீதம். பிடிக்காமல் நடப்பதற்கு அவர்கள் கண்ட வரம்பு 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுபவர்களிடம் இந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்திருந்தால் பிரசவத் தேதியாக முதலில் குறித்த நாளிலிருந்து கணக்கிடுங்கள். நான் கவனிப்பது வேறு: நகரும்போது ஒரு பக்கக் கையையும் காலையும் மட்டும் இழுத்துக்கொண்டு வருகிறாளா? அப்படியானால் காட்ட வேண்டும்.

வீட்டில் இரண்டு மொழி. குழந்தை குழம்பாதா?

குழம்பாது, தாராளமாகப் பேசுங்கள். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நமக்கு 'த' வேறு, 'ட' வேறு. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு இந்தியில் உள்ள இதே வேறுபாடு காதில் சரியாகப் பிடிபடாது. ஆனால் அவர்கள் வீட்டு ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தார்கள்! 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. தன்னைச் சுற்றிப் பேசும் மொழிக்குக் காது பழகிக்கொள்கிறது. அதனால் இரண்டாவது மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்காதீர்கள்.

எட்டு மாதம். நான் அறையை விட்டுப் போனாலே அழுகை. முன்பு இப்படி இல்லை. செல்லம் அதிகமாகிவிட்டதா?

செல்லத்தால் வந்ததல்ல. கண்ணில் படாவிட்டாலும் நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள் என்று அவளுக்கு நன்றாகவே தெரிகிறது. திரும்பி வருவீர்கள் என்பதுதான் இன்னும் உறுதியாகவில்லை. துணிக்கடியில் ஒளித்த பொம்மையைத் தேடி எடுப்பதும் ஏறக்குறைய இந்த வயதில்தான். சொல்லாமல் நழுவாதீர்கள். சொல்லிவிட்டுப் போய், சீக்கிரம் திரும்பி வாருங்கள்.

சரி, எதற்குத்தான் பயப்பட வேண்டும்?

அனிச்சைகள் போகலாம். சிரிப்பு, மழலை, உட்காருவது என்று ஒருமுறை பழகியது போகக் கூடாது. அது எந்த மாதமானாலும் உடனே காட்டுங்கள். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, பெரிய சத்தத்துக்கும் அசையாதது, உடம்பு விறைப்பாகவோ துவண்டோ இருப்பது, இவையும் காத்திருக்கக் கூடாதவை. போவதற்கு முன் வீட்டில் ஒரு நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் அவர்கள் எதையும் செய்து காட்டமாட்டார்கள், தூங்கிவிடுவார்கள்.