வைகாசியில் எந்தக் கடற்கரை? வாசகர் கேள்வி – பதில்

மே, யூன் மாத விடுமுறைக்கு இலங்கையில் கடற்கரை கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஒன்றாகப் பதில் தருகிறோம்.

கேள்வி: மே கடைசி வாரம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. நாலு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபது வயது அம்மம்மா, நாங்கள் இருவர். சூடான தெற்குக் கடற்கரை ஒன்றில் ஐந்து நாள் தங்க ஆசை. மிரிஸ்ஸ, உனவட்டுன படங்களைப் பார்த்து மயங்கியிருக்கிறோம். உறவினரோ திருகோணமலைக்கு வரச் சொல்லி ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். எங்கே போவது?
— ஒரு வாசகி, லண்டன்

பதில்: திருகோணமலைக்கு வாருங்கள். ஊர்ப்பற்றில் சொல்லவில்லை. மே மாத நடுப்பகுதி தாண்டினால் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிடும். அது கடலைக் கடந்து வந்து காலி, மாத்தறைக் கரைகளில் நேரே மோதும். அலை உயரும், மணல் கலங்கும், மழை வந்தால் நாட்கணக்கில் நிற்கும். 2016இலும் 2017இலும் தென்மேற்கு மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தது இதே மே மாதத்தில்தான். நீங்கள் பார்த்த படங்கள் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் எடுத்தவையாக இருக்கும். அந்த மாதங்களில் தெற்கு உண்மையிலேயே அழகு. அவற்றின் முற்பகுதியில் இங்கே வாடைக் காற்றும் மழையும்.

தென்மேல் காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து, சூடேறிக் கிழக்கே இறங்குகிறது. இதைத்தான் இங்கே கச்சான் என்கிறோம். எங்கள் கரை கிழக்கைப் பார்த்தது, கச்சானோ தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. ஆகவே கரையோரத்தில் அலை எழும்ப இடமில்லை. உப்புவெளியில் காலை ஆறு மணிக்குக் கடல் குளம்போலக் கிடக்கும். நீரும் குளிராது, 28 பாகைக்குக் குறைவது அரிது. நாலு வயதுப் பிள்ளை நடுங்காமல் விளையாடலாம்.

இதற்கு விலை வெயில். பகல் வெப்பம் 34, 35 பாகை வரை ஏறும். ஒவ்வொரு நாளையும் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். மே கடைசியில் சூரியன் காலை 5.50 அளவில் கடலிலிருந்து எழும்பும். ஆறு மணிக்கு இறங்கி ஒன்பது மணிக்குக் கரையேறுங்கள். மறுபடி மாலை நாலு மணிக்குப் பிறகு. கிழக்குப் பார்த்த கரை என்பதால் பின்னேரம் கரையோர மரங்களின் நிழல் மணலில் விழும். அம்மம்மா கதிரை போட்டு இருக்க அதுதான் நேரம். நடுப்பகலில் மணல் பாதத்தைப் பொசுக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் விடுங்கள். ஒருநாள் காலையைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும், ஒருநாள் மாலையைக் கோணேசர் கோயிலுக்கும் ஒதுக்கினால் ஐந்து நாளும் நிறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கடலை அமைதியாக வைத்திருக்கும் அதே கச்சான்தான் இங்கே பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்தும். காற்றடைத்த வளையம், மெத்தை, பிளாஸ்டிக் வாத்து எல்லாம் பாய்மரம்போல் காற்றைப் பிடித்துக் கடலுக்குள் போகும். கரையருகே அலை இல்லாததால் பெற்றோருக்குப் பயம் வராது. ஆனால் காற்றுக்கு ஓட இடம் கிடைத்ததும், கொஞ்சம் வெளியே போனாலே, நீர் கொந்தளிக்கும். மிதவை போகும் வேகத்துக்கு நீந்திப் பிடிப்பது நல்ல நீச்சல்காரருக்கும் கடினம். எனவே காற்று மிதவைகளை ஹோட்டல் நீச்சல் குளத்தோடு நிறுத்துங்கள். கடலுக்கு உடம்போடு கட்டும் உயிர்காப்பு அங்கிதான். பந்து போனால் போகட்டும், பின்னால் யாரும் நீந்த வேண்டாம். கரையில் நிற்கும் தென்னோலையைப் பாருங்கள். அது கடல் பக்கம் சாய்ந்து சலசலத்தால் பிள்ளைகள் இடுப்பளவுக்கு மேல் போகக்கூடாது.

கேள்வி: உப்புவெளி, நிலாவெளி, மாபிள் பீச் மூன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு எது?
— வவுனியா வாசகர்

பதில்: நடக்கப் பழகும் வயதென்றால் மாபிள் பீச். சீனக்குடாப் பக்கம், குடாவுக்குள் ஒதுங்கிய இடம், விமானப்படையின் பொறுப்பில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் உண்டு. திறந்த கடலின் அலை அங்கே வராது. வார இறுதியிலும் போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களிலும் சனம் நிரம்பி வழியும். செவ்வாய், புதன் பார்த்துப் போனால் நிம்மதி.

தங்குவதற்கு உப்புவெளி. நகரிலிருந்து ஐந்து, ஆறு கிலோமீற்றர்தான், நடுச்சாமத்தில் காய்ச்சல் என்றால் திருகோணமலை ஆஸ்பத்திரி கிட்ட. சாப்பாட்டுக் கடைகளும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நிலாவெளி இன்னும் பத்துக் கிலோமீற்றர் வடக்கே. கரை அகலமும் நீளமும் கூட, ஆட்கள் குறைவு. நீந்தத் தெரிந்த பெரிய பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

கரையின் பெயரை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரே கரையில் நூறு மீற்றர் தள்ளினால் ஆழம் மாறும். மணலைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். ஈரமணல் மாவாக, இறுக்கமாக இருந்து, பாதம் அதிகம் புதையாவிட்டால் தரை மெல்லச் சரியும். பருமணலாக, குதிக்கால் புதையும்படி இருந்தால் சரிவு செங்குத்து, நாலைந்து எட்டிலேயே கழுத்தளவு வரலாம். பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி, நெஞ்சளவு வர எத்தனை எட்டு என்று எண்ணுங்கள். இருபதுக்குக் குறைந்தால் வேறு இடம் தேடுங்கள்.

அதோடு கரைவலை. காலையில் இரண்டு கயிறுகள் கடலுக்குள் நீண்டிருந்தால் நடுவில் வலை கிடக்கிறது என்று அர்த்தம். கயிறுகளுக்கு இடையில் குளிக்க வேண்டாம். காலில் சிக்கும், வலை இழுப்பவர்களின் தொழிலும் கெடும். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேட்டால் எப்போது கரையேறும், எந்தப் பக்கம் ஆழம் என்று சொல்வார். கரையை அவரைவிடத் தெரிந்தவர் அங்கே கிடையாது.

கேள்வி: புறாமலைத் தீவுக்கு ஒன்பது வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போகலாமா? சுறா இருக்கிறதாமே?
— மட்டக்களப்பு வாசகி

பதில்: தாராளமாக. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், படகில் சில நிமிடம். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். அங்கே காணப்படுவது துடுப்பு நுனி கறுத்த சிறு சுறா. கூச்ச சுபாவம் உள்ளது, ஆட்களைக் கண்டால் விலகும். துரத்தாமல், உணவு போடாமல் இருந்தால் போதும். சுறாவைவிட, காலடியில் கிடக்கும் பவளத்துக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். தீவின் கரையில் உடைந்த பவளத் துண்டுகள் நிறைய. வெறுங்காலில் கீறினால் சீழ் பிடிக்கும், ஆற நாளாகும். றப்பர் அடியுள்ள மூடிய சப்பாத்து கட்டாயம். கீறிவிட்டால் நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்துக் கழுவி, பவளத் துகளை எடுத்துவிடுங்கள்.

முதல் படகுகளோடு போங்கள். நேரம் போகப்போகக் கூட்டம் சேரும், காலால் கிளறிக் கிளறி நீர் மங்கும், திரும்பும்போது காற்றும் எழும்பியிருக்கும். அனுமதிச் சீட்டைப் பெற்றுத்தான் படகேற வேண்டும். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு, அடையாள அட்டையை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். படகுக் கூலியையும் எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றுவார்கள் என்பதையும் கரையிலேயே பேசி முடியுங்கள். தீவில் கடை இல்லை. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரைத் திரும்பக் கொண்டுவரும் போத்தலில் எடுங்கள். பொலித்தீன் வேண்டாம்.

நீர்க் கண்ணாடியை வாடகைக்கு எடுக்கும்போது பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டாலும் முகத்தில் ஒட்டி நின்றால் அளவு சரி. ஒரு முடி இடையில் சிக்கினாலும் தண்ணீர் கசியும், பெண்பிள்ளைகளுக்கு முன்முடியை ஒதுக்கிக் கட்டுங்கள். முகம் முழுவதையும் மூடும் வகை பிள்ளைகளுக்கு வேண்டாம், அவசரத்தில் கழற்றத் தெரியாது. உயிர்காப்பு அங்கியில் உள்ளே எழுதியிருக்கும் கிலோ அளவைப் பாருங்கள். போட்டுக் கட்டியபின் இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்குங்கள். காதுவரை ஏறினால் பெரிது, வேறு கேளுங்கள். முதலில் முழங்காலளவு நீரில் பத்து நிமிடம் மூச்சுப் பழகட்டும்.

பவளத்தின்மேல் நிற்கக்கூடாது என்பதைப் பிள்ளைக்குப் படகேறுமுன்பே சொல்லிவிடுங்கள். மிதித்த இடம் செத்துப்போகும். மறுபடி வளர ஆண்டுகள் பிடிக்கும், சில இடங்களில் வளர்வதே இல்லை. புறாமலையில் ஏற்கெனவே அப்படி நிறையப் போய்விட்டது.

கேள்வி: மலேரியா மாத்திரை வேண்டுமா?
— ரொறன்ரோ வாசகர்

பதில்: இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. டெங்கு உண்டு, அந்த நுளம்பு பகலில் கடிக்கும். நுளம்புக் களிம்பு, முழுக்கைச் சட்டை. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரின் கூடாது. உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் திருகோணமலைதான். இந்தக் கடல் பழகிவிட்டது. வெசாக் (புத்த பௌர்ணமி) விடுமுறையில் தெற்கே போனால் பிள்ளைகளைக் கடலில் இறக்கலாமா?
— சாம்பல்தீவு வாசகர்

பதில்: கோட்டை பார்க்க, ஊர் பார்க்கப் போங்கள். கடல் குளிப்புக்கு அந்த மாதம் உகந்ததல்ல. கட்டாயம் என்றால் மாத்தறைக்கு அருகே பொல்ஹேன. வெளியே உள்ள பவளப்பாறை அலையை உடைத்துவிடும், உள்ளே ஆழம் குறைவு. அதுவும் அன்றைய கடலைப் பார்த்துத்தான். பாறைக்கு மேலால் வெள்ளை நுரை தாண்டி உள்ளே விழுந்தால் இறங்க வேண்டாம். உயிர்காப்பாளர் சிவப்புக் கொடி கட்டியிருந்தால் கேள்வியே இல்லை.

இங்கே பழகிய பிள்ளைகளுக்குத் தெற்கில் புதிதாக இருப்பது இழுவை. அலையாகக் கரைக்கு வரும் நீர் ஒரு வாய்க்கால் வழியாகக் கடலுக்குத் திரும்பி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. இரண்டு பக்கமும் நுரையாக இருக்க நடுவில் மட்டும் கறுத்து, மட்டமாக, மணல் கலங்கித் தெரியும். தெரியாதவர் ‘இங்கே அலையில்லை’ என்று அதிலேயே இறங்குவார். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது, களைத்துத்தான் ஆட்கள் தாழ்கிறார்கள். மிதந்து, கையை உயர்த்தி, கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, நுரை தெரியும் இடம் வந்ததும் அலையோடு கரைக்குத் திரும்ப வேண்டும்.

புது இடம் வேண்டும் என்பதுதான் ஆசையென்றால் பாசிக்குடாவுக்குப் போங்கள். ஏ15 வீதியால் மூதூர், வாகரை தாண்டினால் பகலுக்குள் போய்ச் சேரலாம். நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். மே மாதத்தில் அங்கும் கடல் அமைதி. வெசாக்குக்கு இரண்டு நாள் விடுமுறை என்பதால் அறைகளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அந்த நாட்களில் இறைச்சிக் கடையும் பூட்டு.

கேள்வி: பெண்கள் என்ன உடுத்துக் குளிப்பது? கடலில் சொறி (ஜெலி மீன்) பட்டால் என்ன செய்வது?
— யாழ்ப்பாண வாசகி

பதில்: பருத்திச் சுரிதாரும் துப்பட்டாவும் நீரைக் குடித்துப் பாரமாகி, காலைச் சுற்றும். சேலை இன்னும் மோசம். நீச்சலுக்கென்று விற்கும் நைலோன் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் உடம்பையும் மறைக்கும், வெயிலையும் தடுக்கும், காயவும் அதிக நேரம் எடுக்காது. மிச்சமாகத் தெரியும் முகம், கழுத்து, பாதத்துக்கு எஸ்.பி.எஃப். 50 களிம்பு. இறங்க இருபது நிமிடம் முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். பாதத்தின் மேற்புறத்தைத்தான் எல்லோரும் மறப்பது.

சொறி பட்டால் மணல் போட்டுத் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீரும் ஊற்றக்கூடாது. ஒட்டியிருக்கும் நூலில் எஞ்சிய நச்சுப் பைகள் அதில் வெடிக்கும். கடல் நீரால் கழுவி, நூலைச் சாவணத்தால் எடுத்துவிட்டு, கை பொறுக்கும் அளவு சுடுநீரில் இருபது நிமிடம் வையுங்கள். சூட்டைப் பெரியவர் தன் கையை விட்டுப் பார்த்த பிறகே பிள்ளைக்கு. மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, வாந்தி எடுத்தாலோ வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 1990க்கு அழையுங்கள். அது இலவச அம்புலன்ஸ் சேவை.

கேள்வி: கட்டுநாயக்க விமான நிலையத்தில் இரவு இறங்கி நேரே வான் வண்டியில் வந்துவிடலாமா?
— பாரிஸ் வாசகர்

பதில்: வேண்டாம். ஐந்தாறு மணி நேர ஓட்டம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இருட்டினால் யானை வீதிக்கு வரும், சாரதியும் நித்திரைக் கலக்கத்தில் இருப்பார். விமான நிலையத்துக்குக் கிட்டத் தங்கி, விடிந்தபின் வெளிக்கிட்டு, தம்புள்ளையில் காலைச் சாப்பாடு. மதியத்துக்குள் உப்புவெளியில் இருப்பீர்கள். பிள்ளைகளுக்கு வழியில் வாந்தி வந்தால் ஜீவனி (உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள்) பக்கற் ஒன்றைக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஒரேயடியாகக் குடிக்கக் கொடுத்தால் திரும்பவும் வெளியே வரும்.