சார்புக்குள் ‘மொத்தம்’ ஏன் வழுக்காட்டுகிறது?

கேள்வி (உயர்தர மாணவி, நிலாவெளி): அப்பாவின் கரைவலைக் கணக்குக்குப் பைதன் என்ற கணினி மொழியில் செய்நிரல் எழுதினேன். மேலே ‘மொத்தம் = 0’ என்றும், சார்புக்குள் (பெயரிட்டு அழைக்கும் செய்நிரல் பகுதிக்குள்) ‘மொத்தம் = மொத்தம் + எடை’ என்றும் எழுதினால் வழு வருகிறது. சார்புக்குள் ‘குளோபல் மொத்தம்’ என்று சேர்த்தால் ஓடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: ஓடுகிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சார்புக்குள் ஒரு பெயருக்குச் சமக்குறியால் பெறுமானம் கொடுத்தால், அந்தச் சார்பு முழுவதிலும் அது சார்புக்கே உரிய பெயர் என்று பைதன் கொள்கிறது. ஆகவே வலப்பக்கத்து ‘மொத்தம்’ நீங்கள் மேலே 0 கொடுத்த மாறியன்று, இன்னும் பெறுமானமே பெறாத வேறொன்று. ‘குளோபல்’ என்ற சொல் வெளி மாறியையே மாற்ற வைக்கிறது. ஆனால் நாளை அப்பா இரண்டாவது வலை இறக்கினால், இரண்டு வலைகளின் மீனும் ஒரே மொத்தத்தில் கலந்துவிடும். பழைய மொத்தத்தையும் எடையையும் சார்புக்கு உள்ளீடாகக் கொடுத்து, கூட்டிய விடையை ‘ரிட்டேர்ன்’ மூலம் பெற்று, அழைக்கும் இடத்தில் ‘மொத்தம் = கூட்டு(மொத்தம், எடை)’ என்று எழுதுங்கள்.

திருகோணமலையில் மாணவர் செயற்றிட்டங்களைப் பணத்துக்கு எழுதிக் கொடுப்பவர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். அண்மையில் என்னிடம் திருத்தக் கொண்டுவரப்பட்ட அப்படியொரு செய்நிரலில் ஒவ்வொரு சார்பும் ‘குளோபல்’ வரிகளோடு தொடங்கியது. ஓர் எண் பிழைத்தபோது அதை எந்தச் சார்பு மாற்றியது என்று காண எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது, பணம் கொடுத்த பிள்ளைக்கோ ஒரு வரியும் விளங்கவில்லை. பிள்ளைகளை மட்டும் குறைசொல்ல முடியாது. வெளியீடு என்னவென்று தாளில் எழுதப் பழக்குகிறோமே தவிர, கணினி முன் இருத்தி வழுச் செய்தியை வாசிக்க வைப்பதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் பாடவேளை ஒதுக்கப்படுவதில்லை.

ஒரு விதிவிலக்கில் பலர் தடுமாறுகிறார்கள். வெளியே ‘எடைகள்’ என்ற பட்டியல் இருந்தால், சார்புக்குள் ‘எடைகள்.அப்பென்ட்(25)’ என்று ‘குளோபல்’ இல்லாமலே எழுதலாம். அங்கே பெயருக்குப் புதிதாக எதையும் கொடுக்கவில்லை, இருக்கும் பட்டியலில் ஒன்றைச் சேர்க்கிறீர்கள். ஆனால் ‘எடைகள் = எடைகள் + [25]’ என்று எழுதினால் பழைய வழுவே திரும்பும், சுருக்கி ‘+=’ போட்டாலும் அப்படித்தான். சார்புக்குள் ‘எடைகள் = []’ என்று எழுதுவது இவற்றிலும் ஆபத்தானது, ஏனெனில் எந்த வழுவும் காட்டாமல் உள்ளே புதிய பட்டியல் பிறக்கும், வெளியிலுள்ளது பழைய எடைகளோடு அப்படியே இருக்கும். வெளிப் பட்டியலையே வெறுமையாக்க வேண்டுமென்றால் ‘எடைகள்.கிளியர்()’ என்று எழுதுங்கள்.