ஐக்யூஏசி என்றால் கோப்பு தைக்கும் வேலையா?

“எம்எஸ்சி புள்ளியியல் படித்து, கல்லூரியில் பாடம் நடத்தும் என் மகளை வகுப்பிலிருந்து எடுத்து, நாக் கோப்பு தைக்க உட்கார வைத்துவிட்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரிகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு நாக். அதற்கான வேலைகளைக் கல்லூரிக்குள் கவனிக்கும் தரப் பிரிவுதான் ஐக்யூஏசி. உங்கள் கோபம் புரிகிறது. ஆனாலும் அவசரப்பட்டு வேலையை விடச் சொல்லாதீர்கள். புள்ளியியல் படித்தவருக்கு ஐக்யூஏசி கெட்ட இடம் இல்லை. அங்கே எந்த வேலையைக் கையில் எடுக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பெங்களூருவில் 1994 முதல் இயங்கும் நாக், ஒரு கல்லூரியை ஏழு ‘கிரைட்டீரியன்’களில், அதாவது அளவுகோல்களில், மதிப்பிடுகிறது. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி என்று தொடங்கி மாணவர் நலன், நிர்வாகம் வரை எல்லாவற்றுக்கும் ஐந்தாண்டுத் தரவும் சான்றும் கேட்கும். அவற்றைத் திரட்டி, ஆண்டுதோறும் ஏக்யூஏஆர் என்ற தர அறிக்கை அனுப்பி, முறை வரும்போது எஸ்எஸ்ஆர் என்ற சுயமதிப்பீட்டு அறிக்கை தயாரிப்பது ஐக்யூஏசியின் பொறுப்பு. 2017-இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு மதிப்பெண்ணில் பெரும்பங்கு எண்களிலிருந்து வருகிறது. ஆய்வுக் குழு வாசலுக்கு வருவதற்கு முன்பே டிவிவி என்ற சரிபார்ப்பு அந்த எண்களைச் சலித்துவிடும்.

அந்த அலுவலகத்தில் இரண்டு விதமான வேலை நடக்கும். ஜியோடேக் போட்டோ (எடுத்த இடம் பதிவான படம்) சேகரிப்பது, சான்றிதழ்களை ஸ்கேன் செய்வது, ஒவ்வொரு துறையாகப் போய்க் கையெழுத்து வாங்குவது முதல் வகை. புதிதாகச் சேர்ந்தவர் இதைக் கொஞ்ச காலம் செய்துதான் ஆக வேண்டும். ஆனால் மூன்று வருடம் இதையே செய்தவருக்கு அடுத்த வேலை தேடுவது சிரமம். உங்கள் பயம் இந்த வகையைப் பற்றியது என்றால் அது சரிதான்.

இரண்டாவது வகை, அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பது. ஒவ்வொரு பாடத்துக்கும் சிஓ, பட்டப்படிப்பு முழுவதற்கும் பிஓ என்று கற்றல் இலக்குகள் இருக்கும். எந்தப் பாடம் எந்த இலக்குக்கு எவ்வளவு உதவுகிறது என்று 3, 2, 1 போட்டு ஓர் அட்டவணை தயாரிப்பார்கள். பல துறைகளில் அந்தக் கட்டங்கள் கடைசி ராத்திரியில்தான் நிரம்பும். ‘ஆய்வுத் திறன்’ என்ற இலக்குக்கு நேராக 3 இருக்கும். வினாத்தாளை எடுத்துப் பார்த்தால் ‘வரையறு’, ‘பட்டியலிடு’ தவிர ஒன்றும் இருக்காது. உங்கள் மகள் சில பருவத் தேர்வுகளின் மதிப்பெண்களைக் கேள்வி வாரியாக எடுத்து, மாணவர்கள் எந்த இலக்கில் தொடர்ந்து விழுகிறார்கள் என்று ஒரே பக்கத்தில் காட்டினால், துறைத்தலைவரால் அதை ஒதுக்கிவிட முடியாது. பாடத்திட்டத்தைத் தானே வகுக்கும் தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தப் பக்கம் நேராக பாடத்திட்டக் குழுவுக்கே போகும். இணைவுக் கல்லூரி என்றால் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில். உள்மதிப்பீட்டுத் தேர்வு, பிரிட்ஜ் கோர்ஸ் (அடிப்படை இடைவெளியை நிரப்பும் படிப்பு), மதிப்புக்கூட்டுப் படிப்பு இவற்றைத்தான் மாற்றலாம். அவர் கல்லூரி இதில் எது என்று முதலில் கேளுங்கள். கல்வித் திட்டமிடல் என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒரே கல்லூரி மத்திய அரசின் ஐஷி உயர்கல்விக் கணக்கெடுப்புக்கும் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கும் நாக்குக்கும் தனித்தனியாக எண் கொடுக்கிறது. ஆசிரியர் எண்ணிக்கை மூன்றிலும் மூன்று விதமாக இருந்தால், டிவிவி கட்டத்தில் விளக்கம் சொல்லித் தவிக்க வேண்டிவரும். இதை ஒரே தரவுத்தளமாக ஒழுங்குபடுத்துபவரைக் கல்லூரி லேசில் விடாது.

முறையும் மாறிக்கொண்டிருக்கிறது. இஸ்ரோவின் முன்னாள் தலைவர் கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான குழு பரிந்துரைத்தபடி, ஏ, பி என்ற கிரேடுகளுக்குப் பதிலாக ‘அங்கீகாரம் உண்டு அல்லது இல்லை’ என்ற முறைக்கும், அதற்கு மேல் ஐந்து நிலைகளுக்கும் மாறப்போவதாக 2024 ஜனவரியில் நாக் அறிவித்தது. தரவுச் சரிபார்ப்பின் எடை கூடும் திசை அது. பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தர என்பிஏ என்ற அமைப்பு இருக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் 2014-இல் இந்தியா முழு உறுப்பினரான பிறகு அங்கும் இதே சிஓ, பிஓ கணக்குதான்.

இனி கசப்பான பகுதி. நம் ஊரில் இதற்கென்று தனிப் பதவி வரிசை கிடையாது. அமெரிக்காவில் பல்கலைக்கழகத் திட்டமிடலில் இருப்பவர்களுக்கு 1965 முதலே தனிச் சங்கம் உண்டு. இங்கே ஐக்யூஏசி ஒருங்கிணைப்பாளர் என்பவர் பெரும்பாலும் கூடுதல் பொறுப்பில் இருக்கும் மூத்த பேராசிரியர். தனியார் பல்கலைக்கழகங்களும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும்தான் அங்கீகாரம், தரவரிசைக்கென்று தனி அலுவலகம் வைத்து ஆள் எடுக்கின்றன. எனவே நெட் அல்லது செட் என்ற உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வை முடிக்காமல் உங்கள் மகள் இந்தப் பாதையில் போகக்கூடாது. பிஎச்டியையும் தள்ளிப்போட வேண்டாம்.

பயிற்சிக்குத் தொலைவு போக வேண்டியதில்லை. சென்னை தரமணியில் உள்ள என்ஐடிடிடிஆர் என்ற தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் ஆசிரியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகிறது. முன்பு எச்ஆர்டிசி என்று இருந்த கல்லூரி ஆசிரியர் பயிற்சி மையங்கள் இப்போது மாளவியா மிஷன் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. திட்டமிடலிலேயே ஆழமாகப் போக விரும்பினால் டெல்லியில் கல்வித் திட்டமிடலுக்கான நிறுவனம் நீபா இருக்கிறது. ‘இரண்டே நாளில் நாக் நிபுணர்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் சான்றிதழுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் எக்செல்லை ஒழுங்காகப் படித்து, பவர் பிஐ, ஆர் என்ற தரவு மென்பொருள்களில் ஏதாவது ஒன்றில் கை பழகினால் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கறாராக இருங்கள். நடக்காத கூட்டத்துக்குப் பழைய தேதியில் மினிட்ஸ் எழுதச் சொல்லும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் அவர் கையெழுத்து இருக்கக்கூடாது. 2025 பிப்ரவரியில் ஒரு லஞ்ச வழக்கில் நாக் ஆய்வுக் குழு உறுப்பினர்களையே சிபிஐ கைது செய்தது. பிரச்சினை என்று வந்தால் மேலே இருப்பவர்கள் எப்படியாவது சமாளித்துக்கொள்வார்கள். கீழே கையெழுத்துப் போட்டவர்தான் தனியாக நிற்பார்.

முதல்வரிடம் அவர் எழுத்தில் கேட்க வேண்டியவை மூன்று. பதவிப் பெயர் உதவிப் பேராசிரியர் என்றே தொடர வேண்டும், ‘அலுவலக உதவியாளர்’ என்று மாறக்கூடாது. வாரந்தோறும் ஒரு பாடத்துக்காவது வகுப்பெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்குக் கற்பித்தல் அனுபவச் சான்றிதழ் கேட்கும் இடத்தில் சிக்கல் வரும். ஐக்யூஏசி பொறுப்புக்குத் தனி ஆணையும் வேண்டும். புதிய கல்வியாண்டுக்கான பணிப்பங்கீடு முடிவதற்குள் இதைப் பேசிவிடச் சொல்லுங்கள். முதல் இரண்டையும் மறுத்தால், அப்போது வேறு கல்லூரி பார்க்கலாம்.