நன்றி சொன்னால் செயற்கையாகத் தெரிகிறதே, எப்படித்தான் சொல்வது?

கேள்வி: வீட்டிலும் அலுவலகத்திலும் தெருவிலும் தினமும் யாராவது உதவுகிறார்கள். நன்றி சொன்னால் செயற்கையாக இருக்கிறது, சொல்லாமல் விட்டால் மனம் உறுத்துகிறது. இயல்பாக எப்படிச் சொல்வது?

செயற்கையாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். எதற்காக நன்றி என்பது நாம் சொல்லும் வாக்கியத்தில் இருப்பதில்லை. "ரொம்ப தேங்க்ஸ்", "சூப்பர்" எல்லாம் யாரிடமும் எதற்கும் சொல்லக்கூடியவை. அதனாலேயே கேட்பவர் மனதில் தங்குவதில்லை. அவர் என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார், அதனால் உங்களுக்கு என்ன ஆயிற்று என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். பிறகு "நன்றி" என்று தனியாகச் சொல்லாவிட்டாலும் குறையில்லை.

பக்கத்துக் கடைக்காரர் உங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார் என்று வையுங்கள். "அண்ணே, வியாபார நேரத்துல கடையைச் சாத்திட்டு அப்பாவக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. நான் பெங்களூர்ல இருந்து வந்து சேர்ற வரைக்கும் நீங்க கூட இருக்கீங்கன்னுதான் தைரியமா வண்டியில உட்கார்ந்திருந்தேன்." இவ்வளவுதான். இதில் பெரும்பாலோர் விட்டுவிடுவது கடையைச் சாத்திய விஷயத்தை. அவருக்கு ஆன நஷ்டம் நம் கண்ணில் பட்டிருக்கிறது என்று தெரிவதில்தான் அவருக்கு நிறைவு.

"எனக்கு நிம்மதியாச்சு, எனக்கு வேலை முடிஞ்சுது" என்று தன் பக்கத்து லாபத்தை மட்டும் அடுக்கினால் பலன் குறைவு. சாரா ஆல்கோ என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் தம்பதிகள் ஒருவருக்கொருவர் நன்றி சொல்வதைப் பதிவுசெய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. உதவியவரின் குணத்தையும் செயலையும் மெச்சிய பேச்சு கேட்டவரை நெருக்கமாக உணரவைத்தது. தனக்குக் கிடைத்த பலனை விவரித்த பேச்சுக்கு அந்த அளவு வலு இல்லை. ஆகவே "கேக்காமலே கவனிச்சு செஞ்சீங்களே" என்பது முதலில் வரட்டும். "எனக்கு உதவியா இருந்துச்சு" பின்னால் வரலாம்.

வீட்டுக்குள் கதை வேறு. அம்மாவிடமோ மனைவியிடமோ போய் "நன்றி" என்றால் "என்ன, புதுசா?" என்றுதான் கேட்பார்கள். இது நம் ஊர்க் குறையும் அல்ல. சிமியோன் ஃபிளாய்டும் சகாக்களும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து கண்டங்களைச் சேர்ந்த எட்டு மொழிகளில் வீட்டாரும் நண்பர்களும் சாதாரணமாகப் பேசிக்கொண்டதைப் பதிவுசெய்து பார்த்தார்கள். கேட்ட உதவி கிடைத்தபோது வாய்விட்டு நன்றி சொன்னது ஏறக்குறைய இருபதில் ஒரு முறைதான். தமிழ் அந்த எட்டில் இல்லை. ஆனாலும் நம் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிவு வியப்பாக இருக்காது. உப்பை எடுத்துக் கொடுத்ததற்கெல்லாம் நன்றி சொன்னால், நெருங்கியவர்களை விருந்தாளி ஆக்கிய மாதிரி ஆகிவிடும்.

அதனால் வீட்டில் நன்றிக்குப் பதிலாகக் கவனிப்பைச் சொல்லுங்கள். "சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்பது தினமும் சொல்லித் தேய்ந்துபோன வரி. "ரசத்துல மிளகு கொஞ்சம் தூக்கலா போட்டிருந்தியேம்மா, தொண்டைக்கு இதமா இருந்துச்சு" என்றால், உங்களுக்குச் சளி என்று நினைத்து அவர் செய்தது வீண்போகவில்லை என்று அவருக்குத் தெரிகிறது. சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவுவதும், சமைத்தவர் உட்காரும்போது அவருக்குப் பரிமாற ஒருவர் எழுந்து நிற்பதும் வார்த்தையைவிடக் கனமானவை. வருஷக் கணக்காக ஒருவரே செய்யும் வேலைகளை (தண்ணீர் மோட்டார் போடுவது, கேஸ் பதிவு செய்வது, பள்ளிக் கட்டணத் தேதியை நினைவில் வைத்திருப்பது) யாரும் பார்ப்பதே இல்லை. இவற்றில் ஒன்றை மாதம் ஒருமுறையாவது பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். ஆனால், அந்த வேலையைப் பங்குபோட்டுக்கொள்ளாமல் பாராட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தால் கொஞ்ச நாளில் எரிச்சல்தான் மிஞ்சும்.

பிள்ளைகளிடம் ஒரு எச்சரிக்கை. "நீ புத்திசாலிடா" என்பது நல்ல பாராட்டு போலத் தோன்றும். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998-ல் வெளியிட்ட சோதனைகளில், புதிர் போட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை அறிவுக்காகவும் இன்னொரு பகுதியினரை உழைப்புக்காகவும் பாராட்டினார்கள். பிறகு கடினமான புதிர் கொடுத்துத் தோற்கவிட்டபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களே சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். "மூணாவது தடவையும் விடாம வேற வழியில போட்டுப் பார்த்தியே" என்பது போல, பிள்ளை செய்ததைச் சொல்லுங்கள்.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு நன்றி என்றால், முதலில் தேதி தவறாத சம்பளம், வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு விடுப்பு, பிறகுதான் வாய் வார்த்தை. தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுப்பது பல வீடுகளில் இருக்கும் வழக்கம். தொழிலாளர்களுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது ஆண்டுச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. வீட்டு வேலை அந்தச் சட்டத்துக்குள் வராவிட்டாலும் கணக்கு அதேதான். பாதி வருஷம்தான் வேலை செய்திருக்கிறார் என்றால் பாதி மாதச் சம்பளம். பண்டிகைக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே கொடுங்கள். முந்தின நாள் இரவு கொடுத்தால் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவும் தைக்கவும் நேரம் இருக்காது, கந்துவட்டிக்கு வாங்கிச் செலவு செய்து முடித்திருப்பார். அவர் கிறிஸ்துமஸோ ரம்ஜானோ கொண்டாடுபவர் என்றால் அந்தப் பண்டிகைக்கு முன்பு கொடுங்கள். கொடுத்ததைப் பிறகு அட்வான்ஸ் கணக்கில் கழிப்பது மிகவும் கேவலமான செயல். பழைய புடவையை அன்பளிப்பு என்று கொடுக்காதீர்கள். வேண்டுமா என்று தனியாகக் கேட்டு, வேண்டுமென்றால் துவைத்துக் கொடுங்கள், ஆனால் அதைப் போனஸில் சேர்க்காதீர்கள். சாப்பாடும் அப்படித்தான்: கொடுப்பதாக இருந்தால் சூடாக இருக்கும்போதே. இதையெல்லாம் செய்துவிட்டு, காபி மட்டும் தனி டம்ளரில் கொடுக்கிற வீட்டில் மற்ற எந்த மரியாதைக்கும் பொருள் இல்லை.

குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளர்களுக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை குப்பையில்தான் இருக்கிறது. மட்கும் குப்பை, மட்காத குப்பை தனித்தனியாக. உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் நாலு மடிப்பாகச் சுற்றி, மேலே "கண்ணாடி" என்று எழுதுங்கள். நாப்கினையும் டயப்பரையும் தனியாகப் பொதிந்து வையுங்கள். கைவிட்டுப் பிரிக்கிறவர் ஒரு மனிதர் என்பது நினைவில் இருந்தால் இதைச் செய்ய இரண்டு நிமிடம்கூட ஆகாது. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிப் பேசுங்கள், வயது எதுவானாலும் "நீங்க" என்றே பேசுங்கள்.

பஸ் கண்டக்டர், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ், தாலுகா அலுவலக ஊழியர் போன்றவர்கள் நன்றாக நடந்துகொண்டால் காசு கொடுக்காதீர்கள். அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் உண்டு. அவர் செய்யவேண்டிய வேலைக்காகப் பணம் கைமாறினால் 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் வரை போகும், 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. அவருக்கு உண்மையில் உதவுவது கடிதம். புகார் வந்தால் கோப்பில் ஏறுகிறது, நல்லது மட்டும் காற்றில் போகிறது என்ற நிலையை மாற்ற நம்மால் முடியும். பஸ் என்றால் வண்டியின் பதிவு எண், தடம் எண், தேதி, நேரம், ஏறிய நிறுத்தம், நடந்தது மூன்று வரி. அந்த டிப்போவின் கிளை மேலாளர் பெயருக்கு அனுப்புங்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் டீனுக்கு, ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் அங்குள்ள மருத்துவ அலுவலருக்கு. வார்டு எண்ணும் ஷிப்டும் கட்டாயம் எழுதுங்கள், இல்லாவிட்டால் யாரைப் பற்றி என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரே ஒரு ஜாக்கிரதை: அவர் விதியை மீறி உங்களுக்குச் செய்த சலுகையைப் பாராட்டி எழுதிவிடாதீர்கள். பார்வை நேரம் முடிந்தும் உள்ளே விட்டார் என்று நீங்கள் எழுதினால் அவருக்கு மெமோதான் வரும்.

அலுவலகத்தில் "டீமுக்கு நன்றி" என்று முடிக்கும் கூட்டங்கள் யாருக்கும் உதவுவதில்லை. யார் எதைச் செய்தார் என்று பெயரோடு, அவருடைய மேலதிகாரிக்கும் நகல் போகும்படி, நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். வருட மதிப்பீட்டுக்கு முன்பு அது கையில் இருந்தால் அவர் எடுத்துக் காட்டலாம். எல்லோர் முன்னாலும் பாராட்டினால் கூச்சப்படுகிறவர் என்றால் தனியாகச் சொல்லிவிட்டு மின்னஞ்சலை மட்டும் அனுப்புங்கள். மேலதிகாரி நேரில் வந்து சொல்வதற்கும் மதிப்பு உண்டு. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜினோ 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கேட்டு போன் செய்யும் ஊழியர்களில் ஒரு பகுதியினரை இயக்குநர் நேரில் சந்தித்து நன்றி சொன்னார். அடுத்த வாரம் அவர்கள் செய்த அழைப்புகள் 50 சதவீதத்துக்கும் மேல் கூடின, மற்றவர்களிடம் மாற்றம் இல்லை. இதைப் படித்துவிட்டு, சம்பள உயர்வுக்குப் பதிலாக நன்றியைக் கொடுக்கலாம் என்று முடிவெடுக்கும் மேலாளரை ஊழியர்கள் ஒரே மாதத்தில் கண்டுகொள்வார்கள்.

நல்ல நன்றியைக் கெடுப்பவை சில உண்டு. "ஆனா" என்ற சொல் ("நல்லா செஞ்ச, ஆனா...") முன்னால் சொன்னதை அழித்துவிடும். குறையை வேறொரு நாள் சொல்லுங்கள். நன்றியின் வாலில் அடுத்த உதவியைக் கட்டுவது, "உன்ன மாதிரி அவன் இல்ல" என்று இன்னொருவரை இறக்குவது, வாங்கிய உதவிக்கு மறுநாளே சமமான பொருளைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிப்பது எல்லாம் இதே வகைதான். உறவுக்காரர் கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பாமல் கொஞ்ச நாள் கழித்து ஏதாவது போட்டுக் கொடுப்பதில் இருக்கும் நிதானம் நல்லது.

பல வருஷம் கழித்துச் சொல்லலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி 2018-ல் வெளியிட்ட சோதனைகளில் நன்றிக் கடிதம் எழுதியவர்கள், பெறுபவருக்குச் சங்கடமாக இருக்குமோ, சரியான வார்த்தை கிடைக்கவில்லையே என்றுதான் கவலைப்பட்டார்கள். பெற்றவர்களோ எதிர்பார்த்ததைவிட அதிகம் மகிழ்ந்தார்கள். வார்த்தை அழகை அவர்கள் பெரிதாகப் பார்க்கவில்லை. பழைய ஆசிரியருக்கு எழுதுவதானால் முதல் வரியிலேயே பெயர், படித்த வருஷம், வகுப்பு, பிரிவு. அடுத்து அவர் செய்த ஒரு காரியம், ஒன்றே ஒன்று. அது உங்களை எங்கே கொண்டுவந்து விட்டது என்று இரண்டு வரி. எந்தக் கோரிக்கையும் வேண்டாம். வயதானவர் என்றால் பெரிய எழுத்தில் எழுதுங்கள், கண் தெரியாதவர் என்றால் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு குரல் பதிவு போதும்.

உங்களுக்கு யாராவது நன்றி சொன்னால் "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமே இல்ல" என்று தள்ளிவிடாதீர்கள். தயங்கித் தயங்கிச் சொன்னவருக்கு அது அடி. "உங்களுக்கு உதவியா இருந்ததுல சந்தோஷம்" என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, ஆபத்தில் ரத்தம் கொடுத்தவருக்கு எப்படி நன்றி சொல்வது? பணத்தை நீட்டாதீர்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி, காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கொடுத்து முடித்ததும் அவர் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து ஜூஸ் குடித்துவிட்டுக் கிளம்பும் வரை பக்கத்தில் இருங்கள், உடனே பைக்கை எடுக்க விடாதீர்கள். நோயாளி வீடு திரும்பியதும் மறக்காமல் ஒரு போன் செய்யுங்கள். என்ன ஆனதோ என்று தெரியாமலே கொடுத்தவர்களில் பலர் இருந்துவிடுகிறார்கள். பிறகு நீங்களும் ஒருமுறை கொடுங்கள். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்கவேண்டும். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள், தலைசுற்றல் வரும். சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்.