ஹைடெல்பெர்க்கில் படிக்கப் போகும் மகளுக்கு

கேள்வி: ஜெர்மனியிலுள்ள ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தில் என் மகளுக்கு உயிரியல் முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. ஜெர்மனியில் கல்விக் கட்டணமே கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் வந்த கடிதத்தில் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும் என்றிருக்கிறது. இது உண்மையா? பழைமையான ஊராயிற்றே, தங்குவதற்கு வசதி எப்படி?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடிதத்தில் உள்ளது உண்மைதான். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கட்டணம் வாங்குவதில்லை என்றாலும், ஹைடெல்பெர்க் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 குளிர்காலப் பருவம் முதல் இத்தொகையை வசூலிக்கிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. விசாவுக்காக முடக்குக் கணக்கில் (மாதந்தோறும் குறிப்பிட்ட தொகை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) போடும் பணம் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உரியது என்பதால், கட்டணத்தைத் தனியே எடுத்து வையுங்கள்.

உண்மையில் பெரிய பாடு வீடு தேடுவதுதான். பல்கலைக்கழகம் 1386 இல் தோன்றியது. உலகப் போரின் குண்டுகளுக்குப் பெரிதும் தப்பிய பழைய நகரமோ, ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் நெக்கார் ஆறும் நெருக்க, நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் அப்பகுதியில் 1914 வரை மாணவர்களுக்கென்றே ஒரு சிறை இருந்தது. இரவில் குடித்துவிட்டுத் தெருவில் கூச்சல் போட்டவர்கள் அங்கே அடைபட்டு, மெழுகுவத்திக் கரியால் தங்கள் முகங்களைச் சுவரில் தீட்டியபடி, வகுப்புக்கு மட்டும் வெளியே போய்வந்தார்கள். நகரின் நடுவில் எளிதாக அறை கிடைத்த ஒரே வழி அதுதான் போலும்!

உங்கள் மகளுக்கு அங்கே குடியிருக்க வேண்டிய தேவையும் இல்லை. உயிரியல் உள்ளிட்ட அறிவியல் துறைகள் ஆற்றின் வடகரையில், நாயன்ஹைமர் ஃபெல்ட் வளாகத்தில் இருக்கின்றன. மாணவர் நல அமைப்பின் விடுதிக்கு இன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்; கிடைக்காவிட்டால் ரயிலில் எளிதாகப் போய்வரக்கூடிய மான்ஹைமிலும் தேடலாம். விளம்பரத்தில் 'கால்ட்' என்றிருந்தால் வெப்பமூட்டும் செலவு அந்த வாடகையில் சேராது. 'வார்ம்' என்றிருந்தால் சேரும். முன்பணம், 'கால்ட்' வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சியில் பதிய வேண்டும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று தேவை. அதைத் தர மறுப்பவரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்று விட்டுவிடச் சொல்லுங்கள்.